ஞாயிற்றுக்கிழமை வனவாசம்: குடும்பஸ்தர்களுக்கு ஒரு கையேடு

ராமருக்கு 14 வருடம். உங்களுக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஏலகிரி மலைப்பாதையில் அவ்வளவுதான் இருக்கின்றன. புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயருமாகச் சூட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சின்னவன் எந்த வள்ளலின் பெயர்ப்பலகைக்குக் கீழே வாந்தியெடுப்பான் என்பது, வழியில் அவனுக்கு யார் என்ன வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் அது தாத்தாவாக இருக்கும்.

மேலே போனதும் தோப்புக்குள் ஒரு வளைவு கட்டி, 'குடும்பத்துடன் ஒரு நாள் வனத்திறன் பயிற்சி' என்று எழுதியிருப்பார்கள். திசை அறிதல், தீ மூட்டுதல், முடிச்சுப் போடுதல், கூடாரம் அடித்தல், முதலுதவி, காட்டுத் தாவரங்கள். நடுவில் சாப்பாடு, சாயங்காலம் சுக்குக் காபி, கடைசியில் சான்றிதழ். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. மண்ணில் உட்கார அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது காரணமாக இருக்கலாம்.

இந்தப் பயிற்சியிலிருந்து முழுப் பயனை அடைய விரும்புகிறவர்களுக்காகவே இந்தக் கையேடு.

யாரைக் கூட்டிப் போவது

இது பிள்ளைகளுக்கான பயிற்சி என்று விளம்பரத்தில் இருக்கும். நம்ப வேண்டாம். இது அப்பாக்களுக்கான பயிற்சி. 2020 மார்ச்சில் டிஸ்கவரி சேனலில் ரஜினிகாந்த் பியர் கிரில்ஸோடு பந்திப்பூர் காட்டுக்குள் நடந்தாரே, அதைப் பார்த்த அன்றிலிருந்து ஒவ்வொரு அப்பாவுக்குள்ளும் ஒரு ஆள் காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். மூட்டுவலி காரணமாக வெளியே வராமல் இருந்தான். அவ்வளவுதான்.

அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் அவர் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பார். பத்தாவது படிக்கிற மகள் வரமாட்டாள். வந்தாலும் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று தேடி, அன்றைக்கு முகாமிலேயே அதிக தூரம் நடந்தவள் அவளாகத்தான் இருப்பாள். மாமியார் வருவேன் என்றால் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்: "கக்கூஸ் எப்படி மாப்பிள்ளை?" இதற்கு முன்கூட்டியே விடை தெரிந்து வைத்துக்கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. வனத்திறன்களில் முதலாவது அதுதான்.

மூட்டை

காட்டில் உயிர் வாழக் குறைந்த பொருட்கள் போதும் என்பதை நேரில் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். ஆகவே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியோதரை, தயிர்சாதம், மாவடு, சிப்ஸ், எலுமிச்சம்பழம், இரண்டு ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி, கொசுவர்த்தி, பவர் பேங்க் இரண்டு. கூடவே இணையத்தில் வாங்கிய பலபயன் கத்தி ஒன்று. அதில் 11 கருவிகள் இருக்கும். எலுமிச்சம்பழம் அறுக்க வேண்டிய நேரத்தில் வெளியே வருவது பாட்டில் திறப்பானாக இருக்கும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் வேட்டைக்காரச் சட்டையை அப்பாக்கள் விரும்பி அணிகிறார்கள். புலியின் கண்ணில் படாமல் தப்பிக்க அது உதவும். ஏலகிரியில் புலி இல்லை. பிள்ளைகள் தொலைந்துபோனால் தேடுவதற்கு வசதியாக அவர்களுக்குப் பளீரென்ற ஆரஞ்சு நிறம் போடுவதுதான் புத்தி. ஆனால் குடும்பப் படத்தில் நிறம் சேராது என்பதால் அவர்களுக்கும் அதே பச்சைத் திட்டுச் சட்டை வாங்கியிருப்பீர்கள்.

சின்னவன் கழுத்தில் ஒரு விசில் மாட்டுங்கள். இது கேலிக்குச் சொல்லவில்லை. காட்டில் குழந்தை வழி தவறினால், இருந்த இடத்திலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மும்மூன்றாக விசில் ஊத வேண்டும். நடக்க நடக்கத்தான் தேடுகிறவர்களிடமிருந்து தூரமாகப் போகிறது. இந்த ஒரு பாடத்தை வீட்டிலேயே, சோஃபாவில் உட்கார்ந்தபடியே, பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். கட்டணம் இல்லாத காரணத்தால் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. விசிலின் துர்ப்பலன், காஞ்சிபுரம் தாண்டியதிலிருந்து வாணியம்பாடி வரை அவன் அதை நிறுத்தமாட்டான்.

முகாம் வாசலில் உங்களுக்கு முன்பாக ஒரு பெரியவர் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப்போவார். அவர் அந்த மலைக்காரர். ஏலகிரியிலும் ஜவ்வாது, சேர்வராயன், கொல்லிமலைகளிலும் வாழும் மலையாளிப் பழங்குடி. கேரளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பேசுவது நம் தமிழ்தான். அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்ததாக வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். நீங்கள் வந்த அதே ரோடுதான். அவர்கள் ஐந்து மணிக்குத் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பெரியவரை நீங்கள் கவனிக்க வேண்டியதில்லை. அவரிடம் சான்றிதழ் கிடையாது. முகாம் மேலாளர் அவரை "யோவ்" என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுக்கொண்டு நீங்களும் தண்ணீர் எங்கே என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

வடக்கு எங்கே இருக்கிறது

முதல் வகுப்பு இதுதான். பல பாக்கெட் வைத்த கால்சட்டை போட்ட பயிற்சியாளர் ஒரு குச்சியை மண்ணில் நட்டு, "நடுப்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுதான் வடக்கு" என்பார். குறிப்பெடுத்துக் கொள்ளுங்கள்.

அவர் படித்த பாடத்துக்கு மூலம் இங்கிலாந்து. பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ என்ற தீவுக்குச் சிறுவர்களைக் கூட்டிப்போய் ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். அடுத்த வருடமே சாரணர்களுக்கான புத்தகத்தை வெளியிட்டார். இன்று நம் பயிற்சியாளர்கள் கையில் வைத்திருக்கும் கையேடுகள் பலவும் அந்த வம்சத்தில் பிறந்தவைதான். அந்த ஊரில் வருடம் 365 நாளும் நடுப்பகல் சூரியன் தெற்கே நிற்கும். நிழல் வடக்கே விழும். புத்தகத்தில் தப்பில்லை.

ஏலகிரி பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 12.5 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் நேராக உங்கள் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அன்றைக்கு நடுப்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதற்கப்புறம் சூரியன் வடக்குப் பக்கமாக நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி தலைக்கு மேல் வந்து, பிறகுதான் தெற்கே போகும். இடையில் உள்ள ஏறத்தாழ நாலு மாதமும் நம் ஊரில் நடுப்பகல் நிழல் விழுவது தெற்கே. பள்ளிக்கூடத்து விடுமுறை மே மாதம். அந்த மாதத்தில் பயிற்சியாளர் சொன்னபடி வடக்கே நடந்தால், திருப்பத்தூர் பக்கம் போய்ச் சேருவீர்கள்.

குச்சியைக் கொண்டு சரியாகத் திசை பார்க்க ஒரு வழி உண்டு. நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். கால் மணி நேரம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல்லை வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. இது இங்கிலாந்துக்கும் பொருந்தும், ஏலகிரிக்கும் பொருந்தும். ஆனால் கால் மணி நேரம் எதுவும் செய்யாமல் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குள் சின்னவன் முதல் கல்லை எடுத்துக் குளத்தில் போட்டிருப்பான்.

அடுத்து கைக்கடிகார முறை. சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்து, அதற்கும் 12க்கும் நடுவில் ஒரு கோடு கற்பனை செய்தால் தெற்கு கிடைக்கும் என்பார். சூரியன் சரிவாக இருக்கிற குளிர்நாடுகளில் கிடைக்கும். நம் ஊரில் சூரியன் உச்சியில் இருக்கும்போது முள்ளை எந்தப் பக்கம் காட்டுவது? மேலும் அங்கே கூடியிருக்கும் 30 பேரில் முள் வைத்த கடிகாரம் கட்டியிருப்பவர் உங்கள் மாமனார் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் அறுபதாம் கல்யாணத்தில் போட்டது, ஓடாது.

மரத்தில் பாசி படர்ந்த பக்கம் வடக்கு என்பதும் அதே குளிர்நாட்டுச் சரக்கு. மழைக்காலத்தில் நம் மலைகளில் பாசி சுற்றிவரப் படர்கிறது. மரத்தில் மட்டுமா, முகாமின் படிக்கட்டிலும் படர்கிறது. துருவ நட்சத்திரம்? ஓர் ஊர் எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ அடிவானத்திலிருந்து அத்தனை டிகிரி உயரத்தில்தான் அங்கே அது தெரியும். கையை நீட்டி மடக்கிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. ஆகவே ஏலகிரியில் அது அடிவானத்துக்கு ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே இருக்கும். எதிரில் ஒரு புளியமரம் நின்றால் போதும், மறைந்துவிடும். பயிற்சியும் ஐந்து மணிக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் கல்யாண மண்டபத்து வாசலில் பட்டப்பகலில் அருந்ததி பார்த்து "தெரிகிறது" என்று சொன்ன தம்பதிகளுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

கேனை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். மாமியார் அவரிடம், "கிழக்கு எதுங்க பெரியவரே?" என்று கேட்டுவிடக்கூடும். அவர் கையைக்கூட நீட்டமாட்டார். "அதோ கோயில் வாசல் பார்க்குதில்லம்மா" என்பார். நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்தவை. இதைச் சேர்க்காமல் ஒரு தமிழ்நாட்டு வழிகாட்டி நூல் எப்படி வர முடிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தீ

நாள் முழுவதும் பிள்ளைகள் காத்திருந்தது இதற்காகத்தான். "அப்பா, நெருப்பு எப்ப வரும்?" என்று காலையிலிருந்து 40 தடவை கேட்டிருப்பார்கள்.

இரண்டு வழிகள் கற்பிக்கப்படும். ஒன்று, உலோகக் குச்சியைத் தகட்டால் உரசிப் பொறி பறக்கவிடுவது. மற்றொன்று, வில்லில் கயிறு மாட்டிக் கட்டையைக் கடைவது. கடைந்து தீ எடுப்பது நமக்கு அந்நியமல்ல. சங்கப் பாடல்களில் மாடு மேய்க்கிறவர்கள் கையில் ஞெலிகோல் இருக்கிறது. ஆனால் அவர்கள் கட்டையைத் தேர்ந்தெடுத்து உலர்த்தி வைத்திருந்தார்கள். உங்களுக்குக் கிடைப்பது முந்தாநாள் மழையில் நனைந்த யூக்கலிப்டஸ். முதல் ஐந்து நிமிடம் குடும்பமே கைதட்டும். பத்தாவது நிமிடம் அப்பாவின் மூச்சு வாங்குவதை அம்மா கவனிப்பார். பதினைந்தாவது நிமிடம் புகை வரும். அது பக்கத்துக் குடும்பத்தின் கட்டையிலிருந்து. இந்தக் கட்டத்தில் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி, அன்றைக்கு முதல் முறையாக ஒரு யோசனை சொல்வாள்: "அப்பா, சமையல் ரூம்ல தீப்பெட்டி இருக்கும்பா." இருக்கும். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் மூன்று நாலு தலைமுறையாக உழைத்து மனிதகுலத்துக்குச் செய்து கொடுத்த வசதி அது. அதை மறுப்பதுதான் வனத்திறன்.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வாரக்கடைசியில் மலையேறப் போனவர்கள்தான். உங்களையும் என்னையும் போன்றவர்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். கோடைக் காட்டில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு இங்கே தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நெருப்பு வைப்பது 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். ஆகவே முகாமில் உங்களுக்குத் தீ மூட்டக் கற்றுக்கொடுத்தால், சொந்தத் தோப்பில், தகரத்தட்டின் மேல், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நடக்கிறதா என்று பாருங்கள். நான் அந்தப் பாடத்தை நடத்துகிறவனாக இருந்தால் மூட்டுவதற்கு அஞ்சு நிமிடமும் அணைப்பதற்கு அரை மணியும் ஒதுக்குவேன். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் மேல் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, சூடே இல்லை என்று ஆகும்வரை நகரக் கூடாது. அப்படி ஒரு பாடம் எந்தத் துண்டறிக்கையிலும் இல்லை. படம் எடுக்க அதில் ஒன்றுமில்லை பாருங்கள்.

முடிச்சு

சீக்கிரம் முடித்துவிடலாம். பயிற்சியாளர் நாலு முடிச்சுகளை ஆங்கிலப் பெயரோடு காட்டுவார். அப்பாக்கள் நாலையும் ஒன்றாகச் சேர்த்து ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், பலபயன் கத்தியில் அப்போதும் பாட்டில் திறப்பான்தான் வரும். பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் அம்மா, தினமும் சாயங்காலம் வாழைநாரில் மல்லிகையைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறவர். ஒரு முழத்தில் எத்தனை சுருக்கு என்று எண்ணிப் பார்த்தால் பயிற்சியாளர் வாழ்நாளில் போட்டதைத் தாண்டும். அவரைக் கூப்பிட வேண்டாம். வகுப்பின் கௌரவம் கெட்டுவிடும்.

கூடாரமும் அப்படியே. அது மாலை வரை ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். உள்ளே சின்னவன் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பான்.

காட்டில் எதையெல்லாம் தின்னலாம்

வெளிநாட்டுக் கையேடுகளில் ஒரு முறை உண்டு. தெரியாத செடியைத் தோலில் தேய்த்து, காத்திருந்து, உதட்டில் வைத்து, காத்திருந்து, நாக்கில் வைத்து, மறுபடி காத்திருந்து, துளித்துளியாகத் தின்று பார்ப்பது. ஒழுங்காகச் செய்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். உங்களுக்கு ஒரு மணிக்குச் சாப்பாடு. மேலும் நம் காட்டில் தோலில் தேய்ப்பதே முதல் பிழையாகிவிடும். செந்தட்டி என்று ஒரு கொடி இருக்கிறது, அரிப்பு என்றால் என்ன என்பதை அது குடும்பத்துக்கே விளக்கிவிடும்.

பிள்ளைகள் கண்ணுக்குப் பளிச்சென்று படுபவை பெரும்பாலும் விஷம். குன்றிமணியை யாருக்குத்தான் எடுக்கத் தோன்றாது? சிவப்பு, கறுப்புப் பொட்டு. அதை மென்று விழுங்கினால் ஆளைக் கொல்லும். செங்காந்தளைப் பாருங்கள், நம் மாநில மலர். கிழங்கிலிருந்து விதை வரை நஞ்சு. மஞ்சள் அரளிக் காய், ஊமத்தங்காய் இரண்டும் அதே ரகம். குரங்கு தின்கிறதே என்று பார்த்துத் தின்னக்கூடாது. குரங்கின் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. உங்களுடையது போன வாரம் பானிபூரிக்கே தாங்கவில்லை.

மற்றபடி அந்த மலையில் தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டால், பருவத்துக்குத் தகுந்தபடி களாக்காய், நாவல், இலந்தை, சூரைப்பழம், நெல்லி. மார்ச்சுக்கு மேல் பலா. வேலியோரம் பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான். இதையெல்லாம் சொன்னது யார் என்கிறீர்களா? சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும் அம்மாள், பெரியவரின் மனைவி. பயிற்சியாளர் அதே நேரத்தில் திரையில் கனடாவின் காட்டுப் பழங்களைப் பற்றிப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார். அழகான படங்கள். தவறவிடாதீர்கள்.

தண்ணீர் பற்றியும் ஒரு செய்தி. கலங்கின தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்ப்பது நம் பழைய வழக்கம். சேறு அடியில் படிந்துவிடும். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. கிருமிக்குக் கொதிக்க வைப்பதுதான் வழி. முகாமில் இதற்கு வடிகட்டும் குழாய் ஒன்றை விற்பார்கள். அப்பா வாங்குவார்.

பாம்பு

பயிற்சியாளர் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு கயிறும் ஒரு பிளேடும் எடுத்தால், அப்போதே எழுந்து பைகளோடு கிளம்பிவிடுங்கள். நம் சினிமாவில் கதாநாயகன் கதாநாயகியின் காலில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்பி, அடுத்த காட்சியில் பாட்டும் பாடியிருக்கிறான். உண்மையில் இறுக்கிக் கட்டினால் காலே போகும். கீறினால் ரத்தம் நிற்காது. உறிஞ்சினால் ஒன்றும் வராது. செய்ய வேண்டியது: கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றி, 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. பாம்பைத் துரத்திப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கிறார்கள்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. இருளர்கள் தடம் பார்த்து, வளை பார்த்துப் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு அங்கிருந்துதான் விஷம் கணிசமாகப் போகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். காய்ந்த மண்ணில் பாம்பு போன கோட்டைப் பார்த்து அது என்ன பாம்பு, எப்போது போனது என்று சொல்கிறவர்கள். வனத்திறன் என்றால் அதுதான். பலபயன் கத்தி இல்லாமல் செய்கிறார்கள்.

உங்கள் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டியது குறைவு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள், கட்டையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் காலை வையுங்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

மிருகங்களைப் பார்ப்பது

பார்க்க மாட்டீர்கள். 30 பேர், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு விசில். ஆனால் குரங்கு வரும். நாட்டுக்குரங்குக்கு இந்த முகாமின் நேர அட்டவணை மனப்பாடம். ஒன்றேகாலுக்குத் தயிர்சாதத்துக்கு வந்துவிடும். அதைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்காதீர்கள். குரங்கு மொழியில் அது சண்டைக்கு இழுப்பது. செல்ஃபி எடுக்கும்போது குடும்பமே ஒரே நேரத்தில் பல்லைக் காட்டுகிறது. அதற்கப்புறம் நடப்பதற்குக் குரங்கைக் குறை சொல்ல முடியாது. பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் கல் எறியாமலும் புகை போடாமலும் இருப்பதுதான் தற்காப்புக் கலை. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுவது ஒன்றே மிச்சம்.

கற்பித்ததையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நம் மலைக்கான திறன்களில் முக்கால்வாசி செய்யாமல் இருப்பதைப் பற்றியவை. தொடாதே, எறியாதே, மூட்டாதே, தின்னாதே, சத்தம் போடாதே. இதை வைத்து ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த முடியாது. காசு கொடுத்தவர்கள் சும்மா இருக்க ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால்தான் வில்லும் கட்டையும்.

ஐந்து மணிக்குச் சான்றிதழ். பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கும். லாமினேஷன் நன்றாக இருக்கும். கீழே இறங்கினதும் ஆம்பூரில் வண்டியை நிறுத்துங்கள். சீரகச் சம்பா பிரியாணி, கூடவே கத்தரிக்காய். அன்றைய நாளில் குடும்பம் மொத்தமும் ஒருமனதாக ஒன்றைச் செய்வது அப்போதுதான்.

அடுத்த தடவைக்கு ஒரு வேண்டுகோள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. ஏலகிரியின் சுவாமிமலையும் அதில் உண்டு. முன்பதிவு செய்தால் கூட வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலையின் இளைஞர்கள். தீக்காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். அதை முதலில் பாருங்கள். இல்லை, தனியார் முகாமுக்குத்தான் போவேன் என்றால், பணம் கட்டுவதற்கு முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மலையில் பிறந்தவர் யாராவது அங்கே பாடம் நடத்துகிறாரா, தண்ணீர் கேன் மட்டும் தூக்குகிறாரா? கேன் மட்டும் தூக்குகிறார் என்றால் வேறு இடம் பாருங்கள்.